கிழிந்த ஜாக்கெட்டுக்குள்ளே: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர் பெங்களூரு கலாசிபாளையத்தில், ஜே.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர். 22 வருடமாக பைக் ஓட்டுபவர்களின் ஜாக்கெட், பேன்ட், கிளவுஸ் ஆகியவற்றைப் பழுது பார்க்கிறார். சொந்த ஊர் ஆம்பூர்.

என் மகனுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. தினமும் பைக்கில்தான் போகிறான். எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ரைடிங் ஜாக்கெட் வாங்கினான். போன மாதம் டின் ஃபேக்டரி பக்கம் சறுக்கி விழுந்ததில், ஜாக்கெட் போட்டிருந்தும் முழங்கையில் ஏழு தையல். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டோமா? — ம.செ., மர்ஃபி டவுன்

ஏழு தையலோடு போனதே அம்மா, முதலில் அதற்கு நிம்மதி. ஜாக்கெட்டைப் பார்க்காமல் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அது அவன் உடம்புக்கு ஒரு சைஸ் பெரிசா? உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், காற்று வரும் என்று லூசாக எடுத்தீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், அப்படி ஒன்று இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. இடது கை முழங்கைக்கு நேராக வெளித்துணி உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, நூல் பிரிந்து பஞ்சு மாதிரி நிற்கிறது. ஓட்டையின் ஓரம் கறுத்து, உருகி, பிறகு ஆறிய மெழுகு போலக் கெட்டியாகிவிட்டது. நைலான் தார் ரோட்டில் உரசினால் அந்தச் சூட்டுக்கு அப்படித்தான் உருகும். கையை உள்ளே விட்டு முழங்கை பேடை உருவினேன். கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, ஒரு கீறல் கூட இல்லை. அதைப் போட்டிருந்தவர் விழுந்த நேரத்தில் அந்த பேட் முழங்கையிலேயே இருக்கவில்லை. சுற்றிக்கொண்டு கையின் உள்பக்கத்துக்குப் போய்விட்டது. எலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒற்றைத் துணிதான்.

விலை உயர்ந்த ஜாக்கெட்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மகனை ஜாக்கெட் போட்டு பைக் மேல் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் நீங்கள் முழங்கை பேடைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுற்றினால் அது விழும்போதும் சுற்றும். அப்புறம் மணிக்கட்டுப் பக்கம் ஜாக்கெட்டின் கையைப் பிடித்து மேலே தள்ளிப் பாருங்கள். முழங்கை வரை ஏறினால் ரோட்டில் இன்னும் சுலபமாக ஏறும். புஜத்திலும் முன்கையிலும் இறுக்குகிற பட்டி இருக்கும். நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை. இடுப்பில் ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் சேர்க்கிற ஜிப் ஒன்று இருக்கும், அதையும்தான். அது மாட்டாததால் ஜாக்கெட் மேலே ஏறி முதுகுத் தோல் போனவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

பேடை வெளியே எடுத்து அதன் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், லெவல் 1 அல்லது 2 என்பதும் இருக்க வேண்டும். முதுகு பேடுக்கு 1621-2. ஒன்றுமே இல்லை என்றால் அது வெறும் ஃபோம். முதுகில் நிறைய ஜாக்கெட்டுகளுக்கு அந்த ஃபோம்தான் வருகிறது, தனியாக நல்லது வாங்கி உள்ளே போட வேண்டும். ஜாக்கெட்டுக்கு என்று தனித் தரமும் உண்டு, இ.என். 17092. உள்லேபிளில் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று எழுதியிருக்கும். துணி ரோட்டில் எவ்வளவு தாங்குகிறது, தையல் பிரிகிறதா என்பதையெல்லாம் சோதித்துக் கொடுக்கிற வகை அது. டிரிபிள் ஏ எல்லாவற்றுக்கும் மேல்.

லூசாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பேட் உட்காரும் பையைப் பிரித்து நெருக்கித் தைக்கலாம், முழங்கைக்கு மேலே ஒரு பட்டி வைக்கலாம். பாதி நாள் வேலை. பருத்தி நூலில் மட்டும் தைக்க விடாதீர்கள், முதலில் அறுவது அதுதான்.

மேசையிலிருந்து ஹெல்மெட் ஒரு முறை கீழே விழுந்தது. விரிசல் எதுவும் இல்லை. மாற்ற வேண்டுமா? — ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

தலை உள்ளே இல்லாமல் மேசை உயரத்திலிருந்து விழுந்ததற்கு உடனே பயப்பட வேண்டாம். உள்ளே லைனிங்கை விலக்கி அந்தத் தெர்மாகோலைக் கண்ணால் பாருங்கள். தலையோடு சேர்ந்து அடிபட்டதென்றால் கேள்வியே கிடையாது, மாற்றிவிடுங்கள். வெளி ஓடு பளபளப்பாக இருக்கலாம். அடியை வாங்குவது உள்ளே இருக்கிற தெர்மாகோல். அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது, நசுங்கியது திரும்ப எழும்பாது.

வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தப்பு. ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாமே என்று சந்தேகம் வந்தால், முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். அப்புறம், கடையிலேயே போட்டு, பட்டியை மாட்டி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் சைஸ் தப்பு. கன்னம் கொஞ்சம் அமுங்குகிற மாதிரிதான் புது ஹெல்மெட் இருக்க வேண்டும்.

பட்டியைத் தொங்கவிட்டு ஓட்டுபவர்களை டவுன்ஹால் சிக்னலில் தினமும் பார்க்கிறேன். மனசு கேட்காமல் சில பேரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அந்த ஹெல்மெட் தலைக்கு முன்னால் ரோட்டில் போய் விழும்.

ஹெல்மெட் போடும் வழக்கம் எப்போது வந்தது? — பள்ளி மாணவன், அல்சூர்

நல்ல கேள்வி தம்பி. "அரேபியாவின் லாரன்ஸ்" என்று பெயர் எடுத்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.ஈ. லாரன்ஸ் 1935 மே 13-ஆம் தேதி இங்கிலாந்தில் பைக்கில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் விலகப் பார்த்து விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்துவிட்டார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அதன் பிறகு அவர் பைக் விபத்துத் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று 1941-ல் கட்டுரை எழுதினார். ராணுவத்தில் தகவல் கொண்டு போகும் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட் வந்தது அந்தக் காலத்தில்தான். அந்த நாட்டுப் பொதுமக்களுக்குச் சட்டம் வர 1973 ஆயிற்று.

கிளவுஸ் எல்லாம் லடாக் போகிறவர்களுக்குத்தானே? தினமும் மூன்று கிலோமீட்டர் ஆபீஸ் போக எதற்கு? — ர.கு., லிங்கராஜபுரம்

நானும் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. 2019 மே மாதம். சாயங்காலம் ஐந்து மணிக்கு திடீரென்று அடித்துப் பெய்து அரை மணியில் ஓய்கிற நம் ஊர் மழை. நூல் வாங்க டெய்ரி சர்க்கிள் பக்கம் புறப்பட்டேன். ஜாக்கெட் போட்டிருந்தேன், ஹெல்மெட் பட்டி மாட்டியிருந்தேன். கிளவுஸ் கடை ஆணியில் தொங்கியது. நானே தைத்தது. நாலு கிலோமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

பன்னேருகட்டா ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய இடத்தில் இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். மழை நனைந்த தகடு எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி. அதன் மேல் போகும்போது முன்னால் ஒரு ஆட்டோ நின்றது, நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். வேகம் இருபத்தைந்து கூட இருக்காது. பைக் வலது பக்கம் சாய்ந்தது, நான் கையை ஊன்றினேன். யாராக இருந்தாலும் ஊன்றத்தான் செய்வோம். மூளை யோசிக்கும் முன்னாலேயே கை போய்விடும்.

உள்ளங்கையின் அடிமேட்டில் தோல் வழண்டு மணல் ஏறியிருந்தது. அது பெரிசில்லை. கட்டை விரலை நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழும் பாருங்கள், அங்கே அழுத்தினால் உயிர் போயிற்று. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கெட்டிக்காரர். "இந்த இடத்தில் வலி இருந்தால் நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லி, கட்டுப் போட்டு, பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தார். கோடு தெரிந்தது. ஸ்கேஃபாய்டு என்று பெயர், முந்திரிப் பருப்பு அளவில் ஒரு எலும்பு. அதற்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் பெரும்பாலும் போகிறதாம், அதனால் மெதுவாகத்தான் கூடும். கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும்.

பத்து வாரம் மாவுக்கட்டு. நான் வலது கைக்காரன். கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. என் மனைவி வெட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் சாக்பீஸ் கோடு போட்டேன். அந்தக் கோணல் கோட்டில் அவள் நேராக வெட்டியதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் வாங்குங்கள். உள்ளங்கை அடிமேட்டில் வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டு வைத்தது வேண்டும். ரப்பர் வைத்தது ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், அப்போது உடம்பு பாரம் மணிக்கட்டை மடக்கும். வழுவழுப்பு இருந்தால் கை சறுக்கிக்கொண்டு போகும். மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிவிட்டு, விரல் நுனியைப் பிடித்து இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் வேறு சைஸ் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு வலை வைத்த கிளவுஸே போதும், உள்ளங்கை மட்டும் தோலாக இருக்கட்டும்.

ஸ்கூட்டரில் கணவர் பின்னால் உட்கார்ந்து போகிறேன். பெரும்பாலும் புடவை. பாதி ஹெல்மெட் போதாதா? மூன்று வயதுப் பெண் குழந்தையும் வருவாள். — ஒரு வாசகி, ஆஸ்டின் டவுன்

போதாது அம்மா. பின்னால் இருப்பவருக்குப் பிடிக்க ஹேண்டில்பார் இல்லை, ஹம்ப் வருவதும் முன்கூட்டித் தெரியாது. தூக்கிப் போட்டால் பின்மண்டையில் விழுவார்கள். பாதி ஹெல்மெட் விட்டுவிடுகிற இடம் அதுதான், முகமும் தாடையும் வேறு. கர்நாடகத்தில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் என்பதை 2016 ஜனவரியிலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். முழு ஹெல்மெட் வாங்குங்கள். கொண்டை போட்டால் அது மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் பின்னலைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டு சைஸ் பாருங்கள்.

முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டா பையில் போகட்டும். சக்கரத்தில் சிக்கிய துப்பட்டா கழுத்தைத்தான் இழுக்கும். முடிந்த நாளெல்லாம் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள்.

குழந்தைக்கு 2023 பிப்ரவரி 15 முதல் நாடு முழுக்க விதி இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை குழந்தையின் தலைக்கேற்ற ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. முன்னால் நிற்க வைத்துப் போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், தயவுசெய்து. பிரேக் போட்டால் குழந்தையின் வாய் ஹேண்டில்பாரில் போய் அடிக்கும்.

சிவாஜிநகரில் மூவாயிரம் ரூபாய்க்குத் தோல் ஜாக்கெட் கிடைக்கிறது. தோல்தானே, பைக்குக்குப் போடலாமா? — ஜெ., பிரேசர் டவுன்

தோல் பதனிடுகிற ஊரில் பிறந்தவன் சொல்கிறேன், வேண்டாம். இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மெல்லிய ஆட்டுத்தோல். பைக்குக்கு 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத்தோல் வேண்டும். அதிலும் தையல் ஒற்றை வரிசை என்றால் விழுந்தவுடன் தையல் பிரிந்து, நல்ல தோலாக இருந்தும் வாயைப் பிளந்துவிடும். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

என் கணவருக்குப் போன வருடம் ஓசூர் ரோட்டில் பெரிய விபத்து. பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த ஜாக்கெட் பையில் அப்படியே இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. மறுபடி தைக்க முடியுமா? — ஒரு வாசகி, மடிவாளா

கொண்டு வாருங்கள் அம்மா. நெஞ்சிலும் கையிலும் கத்தரியால் வெட்டிய இடங்கள் நேராக இருக்கும், அவற்றைச் சேர்த்துவிடலாம். தோளில் துணி தேய்ந்திருந்தால் மேலே ஒட்டுப் போட்டு மறைத்துக் கொடுக்க மாட்டேன். பார்க்க நன்றாக இருக்கும், இன்னொரு முறை தாங்காது. அடி வாங்கிய பேடுகளையும் எடுத்துவிடுவேன். அவர் மறுபடி வண்டி எடுக்கும் நாள் வந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், புதிதாக அளவெடுத்துக்கொள்கிறேன். பழையதை வீட்டில் வைத்துக்கொள்வதற்காகத் துவைத்து, கிழிசல் தைத்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். ரத்தக்கறை இருந்தால் வெந்நீரில் நனைக்காதீர்கள், கறை படிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை இல்லை.