கட்டணம் 31,000, கடன் மட்டும் 13,000?

அன்புள்ள சார்,

வணக்கம். டெக்சஸில் இருக்கிறோம், கிரீன் கார்டு வந்துவிட்டது. வயது 38. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சிஎன்ஏவாக (நர்சிங் உதவியாளர்) மணிக்கு 18 டாலருக்கு வேலை பார்க்கிறேன். அடுத்த படியான எல்விஎன் (லைசென்ஸ் பெற்ற நர்ஸ், ஆர்என்னுக்குக் கீழ்நிலை) படிக்க ஆசை. எங்கள் இல்லத்தில் எல்விஎன்களுக்கு 28 டாலர் தருகிறார்கள். ஒரு தனியார் பள்ளியில் 13 மாதப் படிப்பு, 31,000 டாலர், அடுத்த மாதமே தொடங்குகிறது. கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரி) 12 மாதம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து 8,000 டாலர். ஆனால் அதற்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அதுவும் இடம் கிடைத்தால்.

கல்வி நிறுவனங்களை ஒப்பிட அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் பார்த்தேன். தனியார் பள்ளிக்கு மீடியன் (நடுவில் இருப்பவரின்) சம்பளம் 46,000, மீடியன் கடன் 13,000 என்று இருக்கிறது. காலேஜுக்குக் கடன் விவரமே இல்லை. 31,000 கட்டணத்துக்கு 13,000தான் கடன் என்றால் மோசமில்லையே என்கிறார் கணவர். ஒரு வருடம் காத்திருப்பதும் நஷ்டம்தானே என்கிறார் பள்ளியின் அட்மிஷன் அதிகாரி. நான் எதைப் பார்த்து முடிவு செய்வது? இன்னொன்று: எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் என் தோழியும் இதில் சேரலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் நம்பும் அந்த 13,000இலிருந்து தொடங்குகிறேன். ஸ்கோர்கார்ட் கடன் என்று காட்டுவது மாணவர்கள் வாங்கிய ஃபெடரல் கடனை, அதாவது மத்திய அரசின் கடனை மட்டும். வங்கியில் வாங்கிய தனியார் கடன், பள்ளியே போட்டுக்கொடுக்கும் தவணைத் திட்டம், கிரெடிட் கார்டு, தம்பியிடம் கைமாற்று எதுவும் அதில் வராது. ஃபெடரல் கடனுக்கோ உச்சவரம்பு இருக்கிறது. உங்களைப் போல 24 வயதைத் தாண்டிய, திருமணமான மாணவருக்கு முதல் கல்வியாண்டில் 9,500 டாலர்தான் தருவார்கள். படிப்பு ஓராண்டைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். பள்ளி 31,000 கேட்டாலும் 50,000 கேட்டாலும் அந்தக் கட்டத்தில் எண் பெரிதாக ஏறாது. ஆகவே 13,000 என்பது படிப்பின் விலையைச் சொல்லவில்லை, அரசு எவ்வளவு வரை கடன் கொடுத்தது என்பதைத்தான் சொல்கிறது. மீதியை யார், எப்படிக் கட்டினார்கள் என்பது அங்கே தெரியாது. அதோடு அது படிப்பை முடித்தவர்களின் கணக்கு. பாதியில் நின்றவருக்கும் கடன் இருக்கும், ஆனால் அவர் அந்த எண்ணில் இல்லை.

காலேஜுக்கு விவரம் இல்லாததைக் கண்டு பயப்பட வேண்டாம். கடன் வாங்கியவர்கள் மிகக் குறைவாக இருந்தால் தனிமனித விவரம் வெளியே தெரியக்கூடாது என்று மறைத்துவிடுவார்கள்.

அடுத்தது சம்பளம். தொழிலாளர் புள்ளியியல் துறையின் மே 2024 கணக்குப்படி நாடு முழுவதும் எல்விஎன்களின் (பல மாநிலங்களில் எல்பிஎன் என்பார்கள்) மீடியன் ஆண்டுச் சம்பளம் 62,340 டாலர். உங்கள் இல்லம் தரும் 28 டாலரை முழுநேரத்துக்குப் பெருக்கினால் 58,000க்கு மேல் வருகிறது. அப்படியானால் அந்தப் பள்ளியில் முடித்தவர்கள் ஏன் 46,000இல் நிற்கிறார்கள்? எண் சில வருடப் பழையது, பகுதிநேர வேலை பார்ப்பவர்களும் அதில் உண்டு. சரி. ஆனால் படிப்பை முடித்தும் லைசென்ஸ் வாங்காதவர்களும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் இல்லத்தில் 28 டாலர் தரும்போது எந்தப் பள்ளி என்று பார்த்தா தருகிறார்கள்? லைசென்ஸைப் பார்த்துத் தருகிறார்கள். இந்தத் தொழிலில் பள்ளிக்குப் பள்ளி உண்மையாக மாறுவது விலையும், எத்தனை பேர் லைசென்ஸ் வரை போய்ச் சேர்கிறார்கள் என்பதும்தான். சம்பளத்தை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சம்பள எண் வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.

லைசென்ஸுக்கான தேர்வான என்க்ளெக்ஸ்-பிஎன்னின் தேர்ச்சி விகிதத்தைப் பள்ளி வாரியாக டெக்சஸ் நர்சிங் போர்டு வெளியிடுகிறது. முதல் முறை எழுதுபவர்களில் 80 சதவீதம் தேற வேண்டும் என்பது அங்கே விதி. கடைசி நாலைந்து வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல பள்ளிகளில் கடைசியில் உள்தேர்வு ஒன்று வைத்து, தேறாதவர்களை நிறுத்திவிடுவார்கள். 40 பேர் சேர்ந்து, 22 பேர் முடித்து, 20 பேர் பாஸ் செய்தால் விளம்பரத்தில் 91 சதவீதம் என்று வரும். பணம் கட்டிய 40 பேரில் பார்த்தால் பாதிதான். அதனால் அட்மிஷன் அதிகாரியிடம் ஒரே கேள்வி போதும்: போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த நேரத்தில் முடித்தார்கள்? எழுத்தில் கேளுங்கள்.

அவர் சொல்லும் ஒரு வருட நஷ்டத்தை வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிட மாட்டேன். இரண்டு படிப்பும் முடியும் தேதிகளுக்கு இடையே 11 மாதம். மணிக்கு 10 டாலர் கூடுதல் என்றால் வரிக்கு முன் சுமார் 19,000 டாலர். கட்டண வித்தியாசம் 23,000. கிட்டத்தட்ட நெருங்கி வருகிறது இல்லையா? ஆனால் 31,000ஐயும் ஃபெடரல் கடனுக்கு 2025-26இல் இருந்த 6.39 சதவீத வட்டிக்கே வாங்க முடிந்தாலும் பத்து வருடத்துக்கு மாதம் 350 டாலர் கட்டி, மொத்தம் 42,000 ஆகும். தனியார் கடனுக்குப் பெரும்பாலும் வட்டி இதைவிட அதிகம். 2023இல் கல்வித் துறை வெளியிட்ட விதிகளில் ஓர் அளவுகோல் இருந்தது: வருடத் தவணை வருடச் சம்பளத்தில் 8 சதவீதத்தைத் தாண்டுகிறதா? 58,000 சம்பளத்தில் நீங்கள் தாண்ட மாட்டீர்கள், 46,000இல் தாண்டிவிடுவீர்கள். அந்த 19,000 நீங்கள் முடித்து, பாஸ் செய்து, முழுநேர வேலை கிடைத்தால் வருவது. கடன் எப்படியும் வந்துவிடும்.

என்னைக் கேட்டால் காலேஜ்தான். வீட்டு வருமானத்தைப் பொறுத்து பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை) கிடைக்கலாம். 2025-26க்கு அதிகபட்சம் 7,395 டாலராக இருந்தது, அதாவது 8,000இல் பெரும்பகுதி. உங்கள் முகவரி அந்தக் காலேஜின் டிஸ்ட்ரிக்டுக்குள் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், வெளியே இருந்தால் கட்டணம் கூடும். காத்திருக்கும் வருடத்தில் உடற்கூறியல் மாதிரி ஆர்என் (எல்விஎன்னுக்கு மேல்நிலை நர்ஸ்) படிப்புக்கும் தேவைப்படும் பாடங்களை மாலை வகுப்பில் முடிக்கலாம். மே 2024 கணக்கில் ஆர்என் மீடியன் 93,600 டாலர், பெரிய ஏற்றம் அங்கேதான் இருக்கிறது. தனியார் பள்ளியின் கிரெடிட்டை ஆர்என் காலேஜ்கள் பல சமயம் ஏற்பதில்லை. ஏற்குமா என்பதை விற்பவரிடம் கேட்காமல் ஆர்என் காலேஜிடமே கேளுங்கள். உங்கள் இல்லம் படிப்புச் செலவில் பங்கு தருமா என்றும் விசாரியுங்கள், ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் தருவதுண்டு, பதிலுக்கு சில வருடம் அங்கேயே வேலை செய்யச் சொல்வார்கள். காலேஜில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த டிஸ்ட்ரிக்ட் காலேஜ்களைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் தனியார். இந்த மாதம் கையெழுத்து வேண்டாம்.

தோழிக்கு: எச்-4 விசாவில் படிக்கலாம். ஆனால் ஃபெடரல் கடனும் பெல் கிராண்டும் கிடையாது. வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும், அது இல்லாமல் கையில் லைசென்ஸ் இருந்தும் சம்பளம் வராது. அவர் 31,000ஐக் கட்டுவதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசட்டும்.