டெல்லி மைனாவும் டியூக் எலிங்டனும்

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய இசைத்தட்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’ (தூரக் கிழக்கு இசைத்தொகுப்பு) கிடைத்தது. டெல்லி, ஆக்ரா என்றெல்லாம் பெயர் இருக்கிறதே என்று ஆசையாகப் போட்டால் சிதாரும் இல்லை, தபலாவும் இல்லை. கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கு இதில் என்ன இருக்கிறது?
- வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: சிதார் இல்லாததால்தான் எனக்கு அந்தத் தட்டின் மேல் இவ்வளவு மதிப்பு. 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை எலிங்டனையும் அவர் குழுவையும் ஆசியப் பயணத்துக்கு அனுப்பியது. டமாஸ்கஸ், காபூல், டெல்லி, இலங்கை, மெட்ராஸ் வரைக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதும் பயணம் பாதியில் நின்றுபோனது. தட்டைப் பதிவு செய்தது 1966 டிசம்பரில். நடுவில் மூன்று வருடம். கேட்டதை அப்படியே நகலெடுக்க அவரும், கூட இருந்து எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்னும் அவசரப்படவே இல்லை. மனதில் தங்கியதைத் தங்கள் வாத்தியங்களில், தங்கள் பாஷையிலேயே சொன்னார்கள். அதனால் ராகத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது.

‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’யிலிருந்து தொடங்குங்கள். டெல்லியில் தங்கியிருந்தபோது கேட்ட ஒரு மைனாவின் குரல்தான் அது. ஜிம்மி ஹாமில்டன் கிளாரினெட்டில் அந்தச் சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். கீழே மொத்தக் குழுவும் என்ன செய்தாலும் பறவை தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கும். நம் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை மேசையில் மிச்சச் சோற்றைக் கொத்த வருகிற மைனாவும், சாயங்காலம் மரம் முழுக்க அடைந்து இரைச்சல் போடுகிற மைனாவும் நமக்குத் தொல்லையாகத்தான் தெரியும் (இங்கே அதிகம் இருப்பது ஜாவா மைனா, அது வேறு வகை). இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு நான் ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் நின்று அதன் குரலைக் காது கொடுத்துக் கேட்டேன், இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு.

அப்புறம் ‘இஸ்ஃபஹான்’, ஈரானிய நகரம் ஒன்றின் பெயர். கர்நாடகக் கச்சேரியில் கத்ரி கோபால்நாத் வாசித்துக் கேட்டிருப்பீர்களே, அதே ஆல்டோ சாக்ஸபோன்தான், இதில் வாசிப்பவர் ஜானி ஹாட்ஜஸ். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்கிக்கொண்டு இறங்குவதை உங்கள் காது ‘ஜாரு’ என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் நம் முறை) அவர் கற்ற பாடமில்லை, ஆனாலும் ஒரு ஸ்வரத்தை அதன் இடத்துக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற அக்கறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இன்னொரு விஷயம், இந்த மெட்டு ஈரானில் பிறந்ததே இல்லை. பயணத்துக்கு முன்பே ஸ்ட்ரேஹார்ன் இதை ‘எல்ஃப்’ என்ற பெயரில் எழுதிவிட்டார், ஊர்ப் பெயர் பின்னால் வந்தது. அதனால் அழகு கொஞ்சமும் குறையவில்லை என்பது என் கட்சி.

‘ஆக்ரா’ தாஜ்மகாலுக்கு. ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோன், கனமான, அடிவயிற்றுக் குரல். 1927இல் குழுவில் சேர்ந்தவர், எலிங்டன் 1974இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். ஒரே ஆளின் குரலுக்காகவே இத்தனை வருடம் எழுதிப் பழகிய எலிங்டனின் கை இது. ஸ்ட்ரேஹார்ன் மட்டும் பதிவு முடிந்த சில மாதங்களில், 1967 மே மாதம் போய்விட்டார். இருவரும் சேர்ந்து செய்த கடைசிப் பெரிய வேலைகளில் இது ஒன்று. அதை மனதில் வைத்துக்கொண்டு ‘இஸ்ஃபஹானை’ மறுபடி போட்டுப் பாருங்கள்.

அப்பாவின் தட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இங்குள்ள ஈரப்பதத்துக்கு உறையில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். படுக்கப்போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

கேள்வி: மகன் பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறான். ஜாஸில் அவனுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?
- வாசகர், செங்காங்

பதில்: மேலே சொன்ன அதே தட்டின் கடைசிப் பாட்டு, ‘ஆட் லிப் ஆன் நிப்பான்’. 1964 ஜப்பான் பயணத்திலிருந்து வந்தது, தலைப்பில் உள்ள தூரக் கிழக்கு உண்மையில் இந்த ஒரு பாட்டில்தான் இருக்கிறது. 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். முதலில் எலிங்டனின் பியானோ, ஹாமில்டன் பிற்பகுதியில்தான் வருவார், பையன் பொறுமை இழந்தால் கொஞ்சம் தள்ளிவிட்டு அங்கிருந்தே போடுங்கள். முழுவதையும் அவனே பிறகு கேட்பான்.