துணி பிராண்ட் ஒன்று "நியாயமான தயாரிப்பு, சூழலுக்கு உகந்தது" என்று சொல்கிறது. அதை எப்படிச் சரிபார்ப்பது?

நான் முதலில் கேட்பது, நூல் எந்த மில்லில் நூற்றது என்பதைத்தான். மற்றக் கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளை வீடு வீடாக வந்து கேட்டு, கொங்குப் பகுதி நூற்பாலைகளுக்கு வேனில் ஏற்றிப் போன தரகர்களைப் பார்த்து வளர்ந்தவன். மூன்று ஆண்டு வேலை, மில் விடுதியிலேயே தங்கல், கடைசியில் கல்யாணச் செலவுக்கென மொத்தமாக முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ. இதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமான பெயர் வேறு! எங்கள் தெருவிலிருந்து போன ஒருத்தி, கெடு முடியுமுன் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தாள். சொன்ன தொகை வரவேயில்லை. 2011-இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு அமைப்பு இந்தத் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான், வெளிநாட்டுப் பிராண்டுகளின் சட்டைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் உள்ள தொடர்பு பலருக்குப் புரிந்தது.

2013-இல் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டபின், பல பிராண்டுகள் தங்கள் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிடத் தொடங்கின. நல்லதுதான். ஆனால் பெரும்பாலான பட்டியல்கள் தையல் கூடத்தோடு நின்றுவிடும். சாயப்பட்டறை, நெசவு, நூற்பு என்று பின்னால் போகப் போக மௌனம். எவ்வளவு தூரம் பின்னால் போய்ப் பெயர் சொல்கிறார்கள் என்பதே என் அளவுகோல். 'இயற்கைப் பருத்திக் குர்த்தா' விற்கும் ஒரு பிராண்டுக்கு இதை எழுதிக் கேட்டேன். "வணிக ரகசியம்" என்று பதில் வந்தது. ரகசியமாக வைக்க மில்லின் பெயரில் என்ன இருக்கிறது?

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, எது எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்றால், துணியில் உடலுக்குக் கேடான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறது என்று பொருள். தைத்தவருக்குக் கிடைத்த கூலியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இயற்கை முறையில் விளைந்த இழைத் துணிகளுக்கான காட்ஸ் (GOTS) முத்திரை அதைவிட அகலமானது: பருத்தி, சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை எல்லாவற்றையும் தொடுகிறது. இந்தியாவில் இயற்கைப் பருத்திக்குப் போலிச் சான்றுகள் புழங்கியதை 2020-இல் காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. ஆகவே முத்திரையில் உள்ள உரிம எண்ணை அவர்களுடைய இணையப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சாயம் என்றால் நொய்யல் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி உழவையே கெடுத்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. "கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறீர்களா, எந்தப் பட்டறையில்?" என்று கேளுங்கள். அட்டையில் பச்சை இலை வரைந்திருப்பது இதற்குப் பதில் ஆகாது.

சான்றிதழைவிட எனக்கு நம்பிக்கை தருவது, தொழிலாளர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தக் கையெழுத்து. 2022-இல் திண்டுக்கல்லில் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்றும் ஆடை ஏற்றுமதி நிறுவனமும், பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஹெச் அண்ட் எம் பிராண்டும் அதை ஒட்டித் தனியே கட்டுப்பாடு ஏற்றது. இப்படியோர் ஒப்பந்தத்தை மீறினால் கேட்க ஆள் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சொல்லிவைத்து வரும் தணிக்கையாளருக்கு முன்னால் தொழிலாளி என்ன பேசிவிட முடியும்?

"இந்த வம்பே வேண்டாம், கைத்தறி வாங்குகிறேன்" என்பவர்களுக்கும் ஒன்று. எங்கள் வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கும் நெசவுக்கும்தான் உத்தரவாதம். நெசவாளர் கூலிக்கு அல்ல. ஆனால் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினால் நெய்பவரிடமே போய்ச் சேரலாம். சேலைக்கு எத்தனை நாள் ஆனது, கூலி எவ்வளவு, சாயம் எங்கே போட்டது என்று விசாரித்துவிட்டு, அதன்பிறகு விலை பேசுங்கள்.