இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வயரிங் வேலைக்குப் போகலாமா?

ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்து, மில்லில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறீர்கள்; பகலில் வீட்டு வயரிங் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் நண்பரே, ஆனால் ஷிஃப்ட் முடிந்த காலையில் வேண்டவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் மெயினை அணைத்தாச்சே என்று கை வைப்போம். இன்வர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். டெஸ்டரைக்கூட முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் நம்ப வேண்டும்.

வார விடுமுறையில், மின் இணைப்பு வராத புதுக் கட்டிடத்தில் பைப் பதிப்பது, வயர் இழுப்பது என்று எடுங்கள். 'ஃபேன் ஓடலை, உடனே வாங்க' வகை வேலை, பகலில் தூங்க வேண்டிய உங்களுக்கு ஒத்துவராது. கம்பியாள் (வயர்மேன்) தகுதிச் சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமம் உள்ள கான்ட்ராக்டரோடு சேர்ந்தே செய்யுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீண் செலவு என்கிற வீட்டுக்காரரா? அந்த வேலையே வேண்டாம். ஷாக் அடித்தால் உங்கள் தலைதான் உருளும்.