கன்சோல் பக்கமே வராதவர்களை வரவைப்பது எப்படி? கேள்வி பதில்

எப்போதாவது ஒரு முறை விளையாடுபவர்களைக் கன்சோல் (டிவியில் இணைத்து கேம் ஆடும் பெட்டி) கம்பெனிகள் எப்படிப் பிடிக்கின்றன, எங்கே கோட்டை விடுகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் நின்டெண்டோ வீ என்கிறார்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: 2006இல் வந்தபோது அதன் கிராபிக்ஸ் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பக்கத்தில்கூட நிற்காது. ஆனாலும் 10 கோடிக்கு மேல் விற்றது. அதற்கு முந்தைய கேம்கியூப் 2.17 கோடியோடு நின்றுவிட்டது. வித்தியாசம் கையில் பிடிக்கும் பொருளில்தான். டிவி ரிமோட் போலவே இருந்தது, பெயரும் ரிமோட். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற கேம் பெட்டியோடேயே வந்தது. அதில் டென்னிஸ் ஆடிப் பாருங்கள். கையை வீசினால் போதும், மைதானத்தில் ஓடுகிற வேலையைக் கேமே பார்த்துக்கொள்ளும். எதை ஆட்டக்காரரிடம் கொடுப்பது, எதைத் தானே வைத்துக்கொள்வது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் அக்காவிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தால் இரண்டே நிமிஷத்தில் திருப்பித் தந்துவிடுகிறாள். சுலபமான கேம்தான் கொடுத்தேன்.

பதில்: உங்களுக்குச் சுலபம். அடுத்த முறை அவர் கட்டைவிரல்களைக் கவனியுங்கள். இடது ஸ்டிக்கில் ஆளை நடக்க வைக்க வேண்டும், வலது ஸ்டிக்கில் கேமராவைத் திருப்ப வேண்டும். நமக்கு அது மூச்சு விடுவது மாதிரி. புதிதாகப் பிடிப்பவருக்கு ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான், கேமரா வானத்தைப் பார்க்கும். "முக்கோணத்தை அழுத்து" என்று திரையில் வரும். குனிந்து கன்ட்ரோலரில் அந்த பட்டனைத் தேடுவதற்குள் ஆள் பள்ளத்தில் விழுந்திருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து நாம் சிரிப்போம். அதோடு முடிந்தது! கேமரா தானாகத் திரும்பும் கேமாகக் கொடுங்கள். சிரிக்காமலும் இருங்கள்.

கேள்வி: பட்டனே வேண்டாம் என்றுதானே கினெக்ட் வந்தது? அது ஏன் ஊற்றிக்கொண்டது?

பதில்: கினெக்ட் என்பது உடல் அசைவைப் பார்த்து கேமை நடத்தும் எக்ஸ்பாக்ஸ் கேமரா. தொடக்கத்தில் ஊற்றிக்கொள்ளவில்லை. 2010 நவம்பரில் வந்து முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. சிக்கல் அப்புறம்தான். கேமராவிலிருந்து ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும், அதற்கு சோபாவை நகர்த்த வேண்டும். ஒரு நாள் நகர்த்துவார்கள், தினமுமா? நடன கேம்களைத் தாண்டி இரண்டாவதாக என்ன வாங்குவது என்பதற்கும் சரியான பதில் இல்லை. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கட்டாயமாகச் சேர்த்து விற்றார்கள். விலை பிளேஸ்டேஷன் 4ஐவிடக் கூடிப்போனது. அடுத்த வருஷமே கினெக்ட் இல்லாத பெட்டியும் வந்துவிட்டது.

கேள்வி: வீ வாங்கியவர்கள் வீ யூ ஏன் வாங்கவில்லை?

பதில்: அது புது கன்சோல் என்றே பலருக்குப் புரியவில்லை. அதன் கன்ட்ரோலர் டேப்லெட் மாதிரி இருந்ததால், பழைய வீக்கு ஒரு டேப்லெட் விற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்கள். விற்றது 1.36 கோடிதான். கேம் செய்திகளைத் தேடிப் படிக்காதவரிடம் பெயரில் விளையாடக் கூடாது.

கேள்வி: கிராபிக்ஸை இன்னும் கூட்டினால் வருவார்களா?

பதில்: மாட்டார்கள்.

கேள்வி: போனிலேயே இலவசமாக ஆயிரம் கேம் கிடைக்கிறது. கன்சோல் எதற்கு?

பதில்: தனியாக ஐந்து நிமிஷம் போக்க வேண்டுமென்றால் போன்தான். அங்கே போய் மோதுவது வீண். நான்கு பேர் ஒரே டிவி முன்னால் கத்திக்கொண்டு ஆடுவதற்குத்தான் கன்சோல். பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனி 2005இல் Buzz! என்ற வினாடி வினா கேமுக்கு ஒரு பெரிய சிவப்பு பட்டன் வைத்த பஸ்ஸர்கள் கொடுத்தது. 2017இல் பிளேலிங்க் கேம்களில் போனையே கன்ட்ரோலராக்கியது. நல்ல யோசனை, ஏனோ நீடிக்கவில்லை. அதே வருஷம் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில், இரு பக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்கான் என்ற சின்ன கன்ட்ரோலர்களைக் கழற்றினால் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது கன்ட்ரோலர் வாங்காமலேயே இரண்டு பேர் உட்காரலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கேள்வி: ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

பதில்: அப்டேட்டை. இரண்டு மாதம் கழித்து யாரோ ஆசையாக ஆன் செய்கிறார். முதலில் கன்சோலுக்கு அப்டேட், அப்புறம் கேமுக்கு அப்டேட். தூங்கும்போதே இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது என்பீர்கள். சரி, ஆனால் இவர்கள் விளையாடி முடித்ததும் சுவரில் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறவர்கள். தனியாக ஆடுகிற கேம் என்றால் பழைய பதிப்பிலேயே ஆடவிட்டு, ஆன்லைன் போகும்போது மட்டும் அப்டேட் கேட்டால் போதும். இப்போது நடப்பது என்னவென்றால், அப்டேட் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் அந்தக் கோடு 40 சதவீதம் தொடுவதற்குள் அவர் போனை எடுத்திருப்பார்.