கோச் டாக்டர் வேண்டாம் என்கிறார், உறவினர்கள் கபடியே வேண்டாம் என்கிறார்கள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. கபடியில் ரெய்டர், மாநில அளவில் ஆடியவள். ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஏ.சி.எல். ஆபரேஷன் நடந்தது. கால் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேட் பக்கமே போக மாட்டேன் என்கிறாள். ராத்திரியில் தூக்கம் இல்லை, சாப்பாடு பாதியாகிவிட்டது, தோழிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. போன வாரம் தங்கையிடம், ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?’ என்று சொல்லியிருக்கிறாள். கோச்சோ, ‘இது வெறும் பயம். மனநல டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்கள், டோப் டெஸ்ட்டில் மாட்டுவாள், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் போய்விடும்’ என்கிறார். சொந்தக்காரர்கள் கபடியை விட்டுவிட்டுக் கல்யாணத்தைப் பாருங்கள் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு விவசாயி, நெல்லிக்குப்பம் பக்கம், கடலூர் மாவட்டம்

பதில்: ஐயா, டோப் டெஸ்ட், வேலை எல்லாம் அப்புறம். தங்கையிடம் அவள் சொன்ன அந்த வார்த்தைதான் இதில் அவசரமான விஷயம். இன்றைக்கே நீங்களோ அவள் அம்மாவோ தனியாக உட்கார்ந்து, ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பெற்றவர்கள் தயங்குகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று பெரும்பாலும் மனசின் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆமாம் என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள். அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இரவு நேரமானால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்கள் விவசாயி என்பதால் இதையும் சொல்கிறேன்: வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து, எலி மருந்து எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய வலி மாத்திரைகளும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று அவள் கூசினால், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே மனநலத்துக்குத் தனித் துறையே உண்டு. காலையிலேயே கிளம்பிவிட்டால் ஓ.பி. சீட்டு வாங்கிவிடலாம்.

கோச் இதை வெறும் பயம் என்கிறார். ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்கள் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதமாவது ஆக வேண்டும் என்பது மருத்துவர்கள் பலரும் இன்று சொல்லும் கணக்கு. அதற்கு முன் இறங்கினால் அதே முழங்கால் மறுபடி போகும் வாய்ப்பு கூடுதல். ஏழாவது மாதத்தில் தன் காலைப் பிடித்து இழுக்க ஏழு பேர் நிற்கும் இடத்துக்குள் போக ஒரு ரெய்டர் தயங்குவதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்தத் தயக்கம் ஜவ்வு ஆபரேஷன் ஆன வீரர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. கால் எப்போது ஆட்டத்துக்குத் தயார் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சோதித்துச் சொல்லட்டும்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அந்தத் தயக்கத்தோடு நிற்கவில்லை. தூக்கமும் பசியும் போய், தோழிகளும் வேண்டாம் என்றாகி, தான் எதற்கும் உதவாதவள் என்று அவள் நினைக்கிறாள். இவை வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விடியற்காலைப் பயிற்சி, டீம், பஸ் பயணம், ஊரில் கிடைத்த பேர் எல்லாம் ஒரே நாளில் அவள் கையைவிட்டுப் போயிருக்கின்றன. முழங்கால் வலியைவிட அந்த இழப்பு பெரியது. விளையாட்டு உளவியல் நிபுணர் யாரையாவது தேட வேண்டுமா என்று நினைக்கலாம். ஆட்டத்தில் கவனத்தைக் கூட்டிக்கொள்ள அவர்கள் உதவுவார்கள், அது பிற்பாடு. இப்போது தேவை நோயைக் கண்டறிந்து மருந்து எழுதக்கூடிய மருத்துவர்.

டாக்டர் தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்க்கச் சொன்னால் தட்டாதீர்கள். அவையும் இதே சோர்வைக் கொண்டுவரும். மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று அவள் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாத விளையாட்டுப் பெண்களுக்கு அது நின்றுபோவதுண்டு. எலும்பும் மனசும் சேர்ந்தே பலவீனமாகும்.

மாத்திரைக்கு வருகிறேன். மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் எதுவும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இல்லை. பதற்றத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரைக்கு, துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற சில விளையாட்டுகளில்தான் தடை. கபடிக்குத் தடை இல்லை, ஆனால் இதயத் துடிப்பைக் குறைப்பதால் ரெய்டருக்கு மூச்சு வாங்கும். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு நோய்க்கான மெத்தில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் தடைதான். அதற்கும் முறைப்படி மருத்துவ விலக்கு வாங்கலாம். அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ், சிறு வயதிலிருந்தே அந்த நோய்க்கு மருந்து சாப்பிடுவதாக 2016-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலத்தைக் காரணம் சொல்லிப் பல போட்டிகளிலிருந்து விலகினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். கோச்சிடம் இதைச் சொல்லுங்கள்.

மந்தமாகிவிடுவாள் என்ற பயத்தில் பாதி நியாயம் உண்டு. சில மாத்திரைகள் தூக்கம் தரும், சில எடையைக் கூட்டும். கபடியில் எடை வரம்பு இருப்பதால் அவள் விளையாட்டு வீராங்கனை என்பதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தை அவர் பார்த்துத் தருவார். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாகும். 25 வயதுக்குள் இருப்பவர்களில் சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அதனால் அந்த நாட்களில் யாராவது கூடவே இருங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. மாத்திரையோடு பேச்சு வழி சிகிச்சையும் கேளுங்கள். பயத்தைப் படிப்படியாகக் கரைப்பது அதில்தான். முதலில் சும்மா மைதானத்தில் போய் உட்காருவது, அப்புறம் கோட்டைத் தொட்டுவிட்டு வருவது, அப்புறம் எதிரில் ஆளில்லாமல் ஒரு ரெய்டு. இப்படிப் போகும்.

வேலையைப் பற்றி: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவள் சிகிச்சை ரகசியம். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, அவள் சம்மதம் இல்லாமல் சங்கத்துக்கோ கோச்சுக்கோ மருத்துவமனை சொல்லக்கூடாது. அவளுக்கு 19 வயது ஆகிவிட்டதால் உங்களிடமும்தான். டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொன்னால் வருத்தப்படாதீர்கள்.

சொந்தக்காரர்கள் பேச்சுக்கு என் பதில் சுருக்கமானது. கல்யாணம் சிகிச்சை ஆகாது. இப்போது அந்தப் பேச்சை எடுத்தால், எனக்கு இனி ஆட்டம் இல்லை என்று அவள் நினைப்பதை நீங்களே உறுதி செய்வதாகிவிடும். கபடியில் தொடர்வதா வேண்டாமா என்பதை அவள் தேறியபிறகு அவளே சொல்லட்டும். அதுவரை விளையாட்டையும் வைத்தியத்தையும் எதிரெதிரே நிறுத்தி, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம். கோச்சை எதிரியாக்க வேண்டியதும் இல்லை. ‘தேதி எதுவும் கேட்காதீர்கள், டீம் பிள்ளைகள் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். வந்து ஆட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை.

டாக்டரிடம் போகும்போது ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், ஜிம்மில் யாராவது கொடுத்த பவுடர் டப்பா இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். டோப் டெஸ்ட்டில் மாட்டிவிடக்கூடியது பெரும்பாலும் அந்த டப்பாதான்.