இரண்டு சம்பளம் இருந்தால் பயமில்லையா?

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். ஆறு வயதில் ஒரு மகள். அமெரிக்கா, ஜெர்மனி இரண்டு கிளைகளிலும் எங்கள் இருவருக்குமே இடம் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் கையில் நிற்கும் பணம் அதிகம். ஜெர்மனியில் பிடித்தமே பெரிதாக இருக்கிறது. "ஒருத்தர் வேலை போனாலும் இன்னொருத்தர் சம்பளம் வரும், அப்புறம் என்ன பயம்?" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கணவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எந்த நாட்டிலும் முதல் காப்பீடு குடும்பம்தான். ஆனால் இருவருக்கும் ஒரே நேரத்தில் அடி விழாமல் இருந்தால்தான் அது பலிக்கும். தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களைப் பற்றி ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் என்ற இரு பொருளியலாளர்கள் 1989-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விளைச்சல் வருமானம் அதிகம் ஏறி இறங்கும் குடும்பங்கள் மகள்களைத் தொலைவான ஊர்களில் கட்டிக்கொடுக்கும் போக்கை அதில் காட்டினார்கள். இங்கே மழை பொய்த்தாலும் சம்பந்தி ஊரில் பெய்திருக்கும் அல்லவா? நீங்களோ ஒரே துறை, அதிலும் ஒரே நிறுவனம். இருவரும் ஒரே மழையை நம்பி இருக்கிறீர்கள்.

பொருளாதார மந்தநிலை வந்தால் எல்லோர் சம்பளமும் கொஞ்சம் கொஞ்சம் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையிலுள்ள சம்பளப் பதிவுகளை வைத்துப் பொருளியலாளர் ஃபாத்தி குவெனனும் சக ஆய்வாளர்களும் 2014-இல் காட்டியது வேறு. அந்தக் காலங்களில் பெரிய சம்பள உயர்வுகள் அரிதாகின்றன, பெரிய சரிவுகள் பெருகுகின்றன. சிலர் தலையில் மட்டும் பாறை விழுகிறது. அமெரிக்கா, ஜெர்மனி, ஸ்வீடன் மூன்றையும் ஒப்பிட்ட பிந்தைய ஆய்வு உங்களுக்கு இன்னும் முக்கியம். அந்தப் பாறையைத் துணையின் சம்பளம் பெரிதாகத் தடுக்கவில்லை, அரசின் வரியும் உதவித்தொகைகளும்தான் ஓரளவு தாங்கின.

சரி, அந்தத் தாங்கல் உங்கள் வீட்டுக்கு எப்படி வரும்?

ஜெர்மனியில் நீங்கள் மலைக்கும் பிடித்தத்தில் ஒரு பகுதி காப்பீட்டுக் கட்டணம். வேலையின்மைக் காப்பீட்டுக்கு மட்டும் சம்பளத்தில் 2.6 சதவீதம், அதிலும் பாதியை நிறுவனம் கட்டுகிறது. வேலை போனால் பழைய நிகரச் சம்பளத்தில், அதாவது பிடித்தம் போகக் கையில் வந்ததில், 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் வரும். இதற்கு உச்சவரம்பு உண்டு. கடந்த 30 மாதங்களில் 12 மாதம் கட்டணம் கட்டியிருக்க வேண்டும், அப்போது ஆறு மாதம் கிடைக்கும். இரண்டு வருடம் கட்டியிருந்தால் ஒரு வருடம். அதாவது முதல் 12 மாதம் உங்களுக்கு இந்தக் குடை கிடையாது, அதைச் சேமிப்பால்தான் கடக்க வேண்டும். நோய் வந்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம், அதன்பின் மருத்துவக் காப்பீட்டு நிதியே ஒரு பங்கைத் தருகிறது.

'குர்ட்ஸ்ஆர்பைட்' என்று ஒரு ஏற்பாடும் அங்கே இருக்கிறது. வேலை குறைந்தால் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள், இழந்த நிகரச் சம்பளத்தில் அதே 60, 67 சதவீதத்தை வேலையின்மைக் காப்பீடு தரும். 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் இப்படித்தான் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டிக்கொண்டிருப்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நீண்ட காலம் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்து, கூட்டமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களை 1993-இல் வந்த ஒரு ஆய்வு தொடர்ந்து பார்த்தது. பல வருடம் கழித்தும் அவர்கள் வருமானம் சுமார் 25 சதவீதம் குறைவாகவே நின்றது.

அமெரிக்காவில் வேலையின்மை உதவி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம், ஃபுளோரிடாவில் 12 வாரம்தான். வேலைக்காகத் தரப்படும் எச்-1பி விசாவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அதுவும் கிடைப்பதில்லை. பணிநீக்கத்துக்குப் பிறகு 60 நாள் வரைதான் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். மருத்துவக் காப்பீடும் வேலையோடு கட்டியது. 'கோப்ரா' சட்டப்படி அதை வழக்கமாக 18 மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் நிறுவனம் கட்டிய பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். சம்பளம், மருத்துவம், தங்கும் உரிமை மூன்றும் ஒரே நாளில் ஆட்டம் காணும். உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் ஜெர்மனிக்குத்தான் போவேன். கணவர் அமெரிக்காவே வேண்டும் என்றால், கூடுதலாகக் கையில் நிற்கும் பணத்தை வருமானமாகப் பார்க்காதீர்கள். அங்கே அரசு வைத்திருக்காத காப்பீட்டை நீங்களே வைக்க வேண்டிய பணம் அது. ஆறு மாதச் செலவு சேரும்வரை அதில் கை வைக்க வேண்டாம். முடிந்தவரை சீக்கிரம் உங்களில் ஒருவர் வேறு நிறுவனத்துக்கு, இயன்றால் மருத்துவமனை, கல்வி போன்ற வேறு துறையின் மென்பொருள் வேலைக்கு மாறுங்கள்.

ஜெர்மனி என்று முடிவானால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆட்குறைப்பு நேரத்தில் "பேசிப் பிரிந்துகொள்வோம்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். தக்க காரணமில்லாமல் அதில் கையெழுத்திட்டால், நீங்களே வேலையை விட்டதாகக் கருதி 12 வாரம் வரை உதவித்தொகையை நிறுத்திவைக்கலாம். வீட்டுக்கு எடுத்துவந்து, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு பேனாவை எடுங்கள்.